‘எனக்கு ஆட்டிசம்’ என்று பேராசிரியர்களிடம் சொல்ல ஒரு கடிதம்: எங்கள் பல்கலைக்கழக ஆதரவுப் பிரிவு எப்படி?

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 5-க்கு 3.5. கொடுத்ததில் பெரும்பங்கு ஒரு பக்கக் கடிதத்துக்கும் அதை எழுதிய ஒருங்கிணைப்பாளருக்கும். குறைத்த ஒன்றரை, அந்தக் கடிதம் யார் கைக்குப் போகிறது, போன பிறகு அதை யார் கவனிக்கிறார்கள் என்பதற்கு.

பல்கலைக்கழகங்களில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காக இயங்கும் ஆதரவுப் பிரிவைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. பெயர் ஒவ்வொரு இடத்திலும் வேறாக இருக்கும், வேலை ஏறக்குறைய ஒன்றுதான். மருத்துவ அறிக்கையைக் காட்டிப் பதிவு செய்துகொண்டால், உட்காரவைத்துப் பேசி, நமக்கு என்னென்ன மாற்றங்கள் தேவை என்று எழுதி, பாடம் நடத்துகிறவர்களுக்கு அனுப்பிவைப்பார்கள். நான் படிப்பது வேதியியல். 19 வயதில், படிப்பு பாதி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஆட்டிசம் என்று உறுதியானது. ஆசிரியர்களுக்குத் தெரியாமல் படித்த காலம், தெரிந்து படித்த காலம், இரண்டையும் பார்த்துவிட்டேன். பதிவு செய்யலாமா வேண்டாமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கும் ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நேரில் போய்ச் சொன்னால் போதாதா, இதற்கு எதற்கு ஒரு அலுவலகம் என்று கேட்கலாம். சிலருக்கு அது போதும். ஆனால் நேரில் சொல்லக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் வகுப்பு முடிந்ததும் மேசைக்கு முன்னால் நிற்கும் வரிசைதான். பின்னால் நாலு பேர் தங்கள் சந்தேகத்தோடு காத்திருப்பார்கள். நாற்காலிகள் இழுபடும். ஆசிரியர் ப்ரொஜெக்டர் வயரைச் சுருட்டிக்கொண்டே “சொல்லுங்க” என்பார். ஒரே மூச்சில் விஷயத்தைச் சொல்லி, அவர் கேட்கும் திடீர்க் கேள்விக்கு அங்கேயே பதிலும் சொல்ல வேண்டும். எந்த வகைப் பேச்சு எனக்கு மிகக் கடினமோ, அதே வகைப் பேச்சில்தான் என் கடினத்தை விளக்க வேண்டியிருக்கிறது. கடிதம் அந்தச் சுமையை இறக்கிவைத்துவிடுகிறது. ஆசிரியரும் தனக்கு நேரம் கிடைக்கும்போது படித்து, யோசித்து, பதில் எழுதலாம்.

பதிவு செய்யும் முறையில் முதல் குறை. ஒருங்கிணைப்பாளரைச் சந்திக்க நேரம் வாங்க வேண்டுமென்றால் தொலைபேசியில்தான் கூப்பிட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஆட்டிசம் உள்ள பலருக்கும், காது கேட்பதில் சிரமம் உள்ளவர்களுக்கும் தொலைபேசி எவ்வளவு பெரிய தடை என்று இந்தப் பிரிவுக்கே தெரியாமல் இருக்கக் கூடாது. என் அக்காதான் எனக்காகப் பேசி நேரம் வாங்கித் தந்தாள். அப்படி ஒருவர் இல்லாதவர் வாசலிலேயே நின்றுவிடுவார். இப்போது மின்னஞ்சலிலும் நேரம் கேட்கலாம் என்று மாற்றிவிட்டார்கள், சரி.

அப்புறம் நடந்த சந்திப்புதான் இந்தச் சேவையிலேயே சிறந்த பகுதி. “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்பார்கள், எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் போகும் என்று பயந்துகொண்டே போனேன். அந்த மேடம் அப்படிக் கேட்கவே இல்லை. “லேபில் ஒரு நாள் மோசமாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் அது மோசமாகத் தொடங்குகிறது?” என்று கேட்டார். இதற்கு என்னிடம் உடனே பதில் இருந்தது. நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சல் மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் பின்னணிக்குப் போய்விடும் என்கிறார்கள், எனக்குப் போகாது. அதற்கு நடுவே பயிற்றுநர் அறையின் மறுகோடியிலிருந்து, “10 மில்லி வேண்டாம், 15 எடுத்துக்கோங்க” என்பார். குரல் வந்தது தெரியும், சொற்கள் பிரிந்து வராது. நான் அச்சடித்த செய்முறைத் தாளில் உள்ளபடியே செய்துகொண்டிருப்பேன். பக்கத்தில் இருப்பவருக்கு நான் வேண்டுமென்றே கேட்காதது போலத் தோன்றும்.

இதை அவர் ஒரு சொல்கூட விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு வைவா என்கிற வாய்மொழித் தேர்வு பற்றி, குரூப் ப்ராஜெக்ட் பற்றி, தேர்வு அறையின் ட்யூப்லைட் பற்றி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேள்விகளை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனாலும் பதிலுக்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தை அவர் பேசி நிரப்பவில்லை. காத்திருந்தார்.

இவ்வளவு பேசிய பிறகு வந்த முதல் வரைவு ஏமாற்றமாக இருந்தது. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் மாதிரிப் படிவத்தில் என் பெயரைப் போட்டிருந்தார்கள். ஆட்டிசம் என்றால் சமூகத் தொடர்பில் குறைபாடு, கண்ணோடு கண் பார்ப்பதில் சிரமம், திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்கள் என்று ஒரு பத்தி. கீழே ‘தேர்வில் கூடுதல் நேரம்’ என்று ஒரு வரி. இதைப் படிக்கும் வேதியியல் ஆசிரியர் திங்கள்கிழமை காலை லேபில் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய முடியாது. புலன் உணர்வு பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. ஒலி, ஒளி, வாசனை, தொடுகை இவற்றுக்கு அளவுக்கு மீறியோ குறைவாகவோ எதிர்வினை வருவதை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு 2013-லேயே ஆட்டிசத்துக்கான அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. அந்தப் படிவம் அதற்கு முன்பு எழுதப்பட்டதாக இருக்க வேண்டும்.

மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், மறுக்காமல் மாற்றினார்கள். உங்களுக்கும் சொல்கிறேன், கையெழுத்துப் போடுவதற்கு முன் வரைவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். திருத்தச் சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது என்பதை அவர்களாக முன்வந்து சொல்வதில்லை. இரண்டாவது வரைவு இப்படி வந்தது:

“இந்த மாணவருக்கு ஆட்டிசம் உள்ளது. ஆய்வகத்தில் செய்முறை மாறினால் பலகையில் எழுதிக் காட்டவும். இரைச்சலுக்கு நடுவே வாயால் மட்டும் சொன்னால் அவரைப் போய்ச் சேராது. வைவாவில் கேள்விகளை ஒவ்வொன்றாக, குறிப்பாகக் கேட்கவும். பதிலுக்கு முன் அவர் அமைதியாக இருப்பது யோசிப்பதற்காக. பேசும்போது முகத்தைப் பார்க்காமல் இருந்தால், நீங்கள் சொல்வதைக் கவனிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளவும். தேர்வு அறையோ நேரமோ மாறினால் முந்தைய நாளே மின்னஞ்சலில் தெரிவிக்கவும்.”

இவ்வளவுதான். ஒவ்வொரு வரியிலும் ஒரு செயல் இருக்கிறது, அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. படிப்பவர் ஆட்டிச நிபுணராக இருக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆட்டிசம் என்ற பெயரைப் போடாமல் தேவைகளை மட்டும் எழுதச் சொல்லவும் இந்தச் சேவையில் இடம் உண்டு. பதிவு செய்த முதல் செமஸ்டரில் நான் அதைத்தான் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள கடிதத்தின் முதல் வரியை எடுத்துவிடச் சொன்னேன். பெயரைச் சொன்னால் முத்திரை குத்துவார்கள் என்ற பயம் எனக்கும் வீட்டாருக்கும் இருந்தது. அதில் ஒரு நியாயமும் உண்டு. ஆனால் நடந்தது வேறு. காரணம் தெரியாத இடத்தில் ஆளாளுக்கு ஒரு காரணத்தை நிரப்பிக்கொண்டார்கள். ‘எழுதிக் காட்டவும்’ என்பதைப் படித்த ஒரு லேப் ஆசிரியர் எனக்குக் காது சரியாகக் கேட்காது என்று முடிவு செய்துவிட்டார். பாவம், நல்ல எண்ணத்தில்தான், என் பக்கத்தில் வந்து குனிந்து, இரண்டு மடங்கு சத்தமாகப் பேசத் தொடங்கினார். எனக்கு அதைவிட வேதனையான ஒன்று அந்த அறையில் இருக்க முடியாது. அடுத்த செமஸ்டரில் பெயரையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். அதே ஆசிரியர் அந்த வாரமே பலகையில் எழுத ஆரம்பித்தார், குரலும் இறங்கிவிட்டது.

பெயரும் தேவையும் சேர்ந்து போனால்தான் கடிதம் வேலை செய்கிறது என்பது என் முடிவு. இதை ஒட்டி ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. நோவா சாஸன், கெரியன் மோரிசன் இருவரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பேசும் வீடியோக்களைப் பலரிடம் காட்டி, முதல் பார்வையில் என்ன தோன்றுகிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். அவருக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபோது மதிப்பீடு மேம்பட்டது. பார்த்தவருக்கு ஆட்டிசத்தைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அந்த அளவுக்கு எண்ணமும் நல்லபடியாக இருந்தது. வீடியோ வேறு, வருடம் முழுவதும் மதிப்பெண் போடும் ஆசிரியர் வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் சொல்லாமல் இருந்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்று நாம் நம்புகிறோமே, அது சரியில்லை. சொல்லாதபோதும் ஏதோ ஒன்றை நினைக்கத்தான் செய்கிறார்கள். திமிர் பிடித்தவர், அக்கறை இல்லாதவர், தயாராகாமல் வந்தவர் என்று.

வைவாவில் கிடைத்த மாற்றத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடிதத்துக்கு முன்பு, “உங்க ரிசல்ட்டைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்பார்கள். என்ன நினைக்கிறேன் என்பதில் எதைச் சொல்வது? விளைச்சலா (கிடைத்த பொருளின் அளவு), தூய்மையா, உருகுநிலை ஏன் விலகியது என்பதா, செய்முறையில் எனக்கிருந்த சந்தேகமா? எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும், எதற்குள் போவது என்று முடிவு செய்வதற்குள் அவர் அடுத்த மாணவரிடம் போய்விடுவார். கடிதத்துக்குப் பிறகு அதே பேராசிரியர், “உங்க விளைச்சல் 60 சதவீதத்துக்குக் கீழே வந்திருக்கு. எந்தப் படியில் இழந்திருப்பீங்க?” என்று கேட்டார். வடிகட்டியதிலும், மறுபடிகமாக்கும்போது சூடான கரைப்பானைத் தேவைக்கு அதிகமாக ஊற்றியதிலும் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்கோடு சொன்னேன். அவர் இன்னொரு கேள்வி கேட்டார், இன்னொன்று கேட்டார், நேரம் போனது தெரியவில்லை. எனக்குத் தெரிந்த வேதியியல் அன்றைக்குத்தான் முதன்முதலாக இன்னொருவருக்குத் தெரிந்தது.

டேமியன் மில்ட்டன் என்ற ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் 2012-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். புரியாமல் போவது ஆட்டிசம் உள்ளவர் பக்கம் மட்டும் நடப்பதில்லை, இரண்டு பக்கமும் நடக்கிறது என்பது அதன் சாரம். அந்த வைவாவில் அதைக் கண்ணால் பார்த்தேன். நான் மாறவில்லை. கேள்வி மாறியது.

எல்லா ஆசிரியரும் இப்படி இல்லை. “பார்த்தா தெரியவே இல்லையே” என்றவர்கள் உண்டு. பதிலே எழுதாதவர்களும் உண்டு, அவர்களில் சிலர் சொல்லாமலே எல்லாவற்றையும் செய்தார்கள். ஒருவர், “எல்லாருக்கும் ஒரே விதி, அதுதான் நியாயம்” என்று மறுத்தார். அப்போது ஆதரவுப் பிரிவு எனக்காக நின்றது. ஐக்கிய நாடுகள் சபையின் 2006-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தகுந்த மாற்றங்களைச் செய்து தர மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது என்பதையும், அதன் 24-ஆவது பிரிவு உயர்கல்வியையும் உள்ளடக்குகிறது என்பதையும் மேடம் அவருக்கு மரியாதையாக எழுதினார். என்னை அந்தக் கடிதப் போக்குவரத்துக்குள் இழுக்கவில்லை. முடிந்த பிறகு, “இனி எழுதித் தருவார்” என்று எனக்கு ஒரு வரி வந்தது. இதற்கே தனியாக ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

இன்னொரு விதமான சிக்கலை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பேராசிரியர் கடிதத்தைப் படித்த பிறகு என்னிடம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார். வகுப்பில் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வருவார், என் இடம் வந்ததும் ஒரு புன்னகையோடு தாண்டிவிடுவார். என் அறிக்கைகளில் முன்பு சிவப்பு மையில் பக்க ஓரம் முழுக்கத் திருத்தம் இருக்கும். அது போய், ‘நல்ல முயற்சி’ என்று மட்டும் வர ஆரம்பித்தது. மறுத்தவரை எதிர்க்க ஒரு சட்டம் இருக்கிறது. இரக்கப்படுகிறவரிடம் எதைச் சொல்லிக் கேட்பது? எனக்கு அந்தச் சிவப்பு மை வேண்டும். அதற்காகத்தான் படிக்க வந்தேன். ஆதரவுப் பிரிவிடம் சொன்னதும் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தார்கள்: “மதிப்பிடும் அளவுகோல் மற்ற மாணவர்களுக்கு உள்ளதேதான், திருத்தங்களை முழுமையாக எழுதவும்.” என்னைக் கேட்டால், ஆட்டிசம் உள்ள ஒவ்வொரு மாணவரின் கடிதத்திலும் இந்த வரி முதலிலிருந்தே இருக்க வேண்டும்.

தனியுரிமையில் அவர்களைப் பாதி பாராட்டலாம். முதலில் பாராட்டு. மருத்துவ அறிக்கை அந்த அலுவலகத்தைத் தாண்டிப் போவதில்லை. ஆட்டிச மதிப்பீட்டு அறிக்கை என்றால் அதில் என் அம்மா சொன்னதெல்லாம் இருக்கும். எப்போது பேச ஆரம்பித்தேன், எந்தத் துணியைப் போட்டால் அழுதேன், பள்ளியில் யாரோடும் சேராமல் எங்கே போய் உட்கார்ந்திருந்தேன் என்று குழந்தைப் பருவம் முழுக்க. துறை அலுவலகத்திலிருந்து ஒருமுறை அந்த அறிக்கையின் நகலைக் கேட்டார்கள். கடிதம் போதும், அறிக்கை தர முடியாது என்று ஆதரவுப் பிரிவு திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது.

இனி குறை. கடிதத்தைப் படித்த ஒரு விரிவுரையாளர், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “உங்களுக்குத்தானே ஆட்டிசம்? முன்னாடி உட்காரணுமா?” என்று கேட்டார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது என் கையில் இருந்தது, அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது. கடிதத்தில் ‘இரகசியமாக வைத்திருக்கவும்’ என்று அச்சடித்திருந்தது, அடியில், சின்ன எழுத்தில். அது முதல் வரியாக, பெரிதாக இருக்க வேண்டும். ‘வகுப்பில் மற்றவர்கள் முன் இதைப் பற்றிப் பேச வேண்டாம், மின்னஞ்சலில் கேட்கவும்’ என்று வெளிப்படையாகவே எழுதியிருக்க வேண்டும். புகார் சொன்னேன். வருத்தம் தெரிவித்தார்கள். படிவத்தை மாற்றியதாகத் தெரியவில்லை.

அடுத்தது, யாருக்கு அனுப்புவது என்பது. படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. டிக் அடித்தால் அந்த செமஸ்டரில் பாடம் நடத்தும் எல்லாருக்கும் போகும், அடிக்காவிட்டால் ஒருவருக்கும் போகாது. பாடவாரியாகத் தேர்ந்தெடுக்க வழியில்லை. எனக்குக் கணிதப் பாடத்தில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. அந்த ஆசிரியருக்கு இது எதற்குத் தெரிய வேண்டும்? அதே நேரம், உண்மையில் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிவதில்லை. ‘எல்லாரும்’ என்பது நிரந்தர ஆசிரியர்களின் பட்டியல். லேபில் நாள் முழுக்க என் பக்கத்தில் நிற்பவர்கள் ஆராய்ச்சி மாணவர்கள். அவர்கள்தான் செய்முறையை மாற்றிச் சொல்கிறார்கள், நோட்டுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அவர்கள் பெயர் பட்டியலில் இல்லை. பொறுப்பாசிரியர் அவர்களிடம் சொன்னால் உண்டு. ஒன்றரை மதிப்பெண்ணில் ஒன்று இதற்காகத்தான் போனது.

மீதி அரை, புதுப்பித்தலுக்கு. ஒவ்வொரு செமஸ்டரும் நாமே போய்க் கேட்டால்தான் கடிதம் மறுபடி போகும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் காலம் செமஸ்டரின் முதல் வாரம். புது கால அட்டவணை, புது அறைகள், புது முகங்கள் என்று எனக்கு மிகக் கடினமாகப் போகும் வாரம் அதுதான். முந்தைய செமஸ்டர் முடிவதற்கு முன்பே, ‘போன முறை போலவே அனுப்பலாமா?’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் ஆம் என்று பதில் போட்டுவிட்டுப் போய்விடலாம். கேட்டிருக்கிறேன்.

குரூப் ப்ராஜெக்டுக்கு இந்தக் கடிதத்தால் ஒன்றும் நடக்காது. சக மாணவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது நம் பாடு.

பதிவு செய்யலாமா என்று கேட்டால், செய்யுங்கள் என்பேன். தேர்வு நேரத்தில் ஓடிப் போகாமல், ஒன்றும் அவசரம் இல்லாத ஒரு வாரத்தில் போங்கள். லேபிலோ வகுப்பிலோ எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நேரில் பேச வராவிட்டால் தாளை நீட்டிவிடலாம், மேடம் அதை வாங்கிப் படிப்பார். கடிதம் யார் யாருக்குப் போகிறது என்ற பட்டியலைக் கேளுங்கள். கேட்டால் காட்டுகிறார்கள். லேப் பயிற்றுநர்களின் பெயரை அதில் கையால் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். நான் இந்த செமஸ்டர் அப்படிச் செய்தேன், சேர்த்துக்கொண்டார்கள். படிவத்திலேயே அதற்கு ஒரு இடம் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். வந்தால் மதிப்பெண்ணை 4.5 ஆக மாற்றுவேன்.